தேய்ந்துபோன சிவப்புக் கார்

அண்ணா,

உங்கள் பீங்கான் தட்டு ஒன்று என் மடியில் இருக்கிறது. ஜோடித் தட்டில் ஒன்று. சிவப்புக் கார், முன்னால் இரண்டு பித்தளை விளக்கு, மாட்டு வண்டிக்கு இருப்பது மாதிரி சக்கரம், ஓட்டுகிறவன் கண்ணில் பெரிய கண்ணாடி, பக்கத்தில் தொப்பியைத் துணியால் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள். இதன் ஜோடி எதிர்ச் சுவரில் தொங்குகிறது. அதில் கார் குங்குமம் மாதிரி இருக்கிறது. மடியில் இருப்பதில் மழையில் கிடந்த செங்கல் மாதிரி இருக்கிறது. அந்த அம்மாளுக்கு முகம் இல்லை. காரின் விளக்கு ஒன்று அழிந்துபோயிருக்கிறது.

நீங்கள் போனபோது இரண்டும் ஒரே சிவப்பு. இந்தச் சிவப்பு எங்கே போயிற்று என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் தேய்த்துக் கழுவியதில் சாக்கடைக்குப் போயிருக்கலாம். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் குழந்தையின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. ரத்தம் எடுத்து பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிப்போர்ட் நாளைக்கு வரும். அதுவரைக்கும் யாரிடமாவது பேச வேண்டும், உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

முதல் தட்டு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் போய், நான் உங்களிடம் வந்து சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தளி பக்கம் ஏதோ துரை பங்களாவை இடிக்கிறார்கள் என்று போனீர்கள். துண்டில் சுற்றி, மொபட்டில் கால் இரண்டுக்கும் நடுவே வைத்து ஓட்டி வந்தீர்கள்.

“என்னண்ணா, ஒரே ஒரு தட்டு? வீட்ல ரெண்டு பேரு இருக்கோமே.”

“சோத்துக்கு இல்ல பாப்பா. இங்க பாரு.”

ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டினீர்கள். மேலே மூடி இல்லாத ஒரு பழங்காலத்துக் கார். குதிரை வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்து விட்ட மாதிரி இருக்கிறது என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. “காரு பொறந்த புதுசுல வரைஞ்சது. அப்ப பாத்தவனுக்கு அது எவ்ளோ அதிசயமா இருந்திருக்கும்? அந்த அதிசயம் அப்படியே தட்டுல நிக்குது பாரு” என்றீர்கள். என் விரலைப் பிடித்து அந்தப் படத்தின் மேல் வைத்தீர்கள். “மேடு தெரியுதா? பளபளப்புக்கு மேல வண்ணம் வெச்சிருக்கான். கீழ வெச்சிருந்தா வழவழன்னு போவும்.” மேடு தெரிந்தது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் பெயிண்ட் ஷாப்பில் நின்றீர்கள். கண்ணும் இல்லாமல் மூக்கும் இல்லாமல் தகரமாக வருகிற வண்டிக்கு வண்ணம் அடித்து அனுப்பினீர்கள். முடிந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்கக்கூட உங்களுக்கு நேரம் இருந்ததில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர்ச் சந்தைக்கும், காவேரிப்பட்டினத்தில் ரஹீம் பாயின் பழைய சாமான் கடைக்கும் ஓடினீர்களோ என்னவோ. முப்பத்தொரு தட்டு சேர்ந்தது. ஸ்போக் கம்பியை வளைத்து மாட்டி, ஒவ்வொன்றையும் ஆணியில் தொங்கவிட்டீர்கள். சுவரில் சாமி படத்துக்கு இடம் குறைந்துபோயிற்று.

அந்த ஆயுத பூஜையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்தில் உண்மை இருக்காது.

தெருவில் எல்லோரும் வண்டி கழுவி, வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். நீங்கள் முப்பத்தொரு தட்டையும் இறக்கி, துடைத்து, பாயில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு காரின் பக்கத்திலும் ஓரமாகச் சந்தனம் வைப்பீர்கள். அந்த வருஷம் எதிர்வீட்டு டிரைவர் முனிராஜ் வாசலில் நின்று கத்தினான்.

“அண்ணா, முப்பது காருக்கு மேல வெச்சிருக்கீங்க, ஒண்ணாவது எலுமிச்சம்பழத்து மேல ஏறுமா?”

“ஏறும்டா. நீ பெட்ரோல் போடு, நான் ஏத்தறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு நாலு பேர் வந்திருக்கிறார்கள், நல்ல தட்டில் கொடுப்போமே என்று அதில் மூன்றை எடுத்து எலுமிச்சை சாதம் வைத்து நீட்டினேன். முனிராஜ் வீட்டுக்காரி ஒரு வாய் எடுத்திருப்பாள். நீங்கள் பாய்ந்து வந்து அவள் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினீர்கள். சாதம் அவள் புடவையில் கொட்டியது.

“எவ எடுத்தா இத? இதுல யாரும் திங்கக் கூடாது. ஒருதரம் சொன்னா தெரியாது?”

நாலு பேர் முன்னால். நான் என்ன, சமையல்காரியா? அன்று சாயங்காலம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் வந்து நின்றீர்கள். “பாப்பா, அது ஏன்னா...” என்று ஆரம்பித்தீர்கள். நான் திரும்பவில்லை. “நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க தட்டு உங்களுக்கு ஒசத்தி. கூடப் பொறந்தவ அதவிட மட்டம். தெரிஞ்சுக்கிட்டேன்” என்றேன். நீங்கள் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வீட்டில் வேறு எல்லாம் பேசினோம்.

வேலை விட்டு வந்தால் வெளியிலேயே சட்டையைக் கழற்றுவீர்கள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் சோற்றைத் தொட மாட்டீர்கள். உங்கள் யூனிபார்மை என் துணியோடு ஊறப்போட விட மாட்டீர்கள். இத்தனையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வண்ணத்துக்குள் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற இடத்திலேயே நீங்கள் சரிந்து, கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். இப்போது ஒரே ஒரு பிள்ளைதான். சுவரை ஒட்டிய வீட்டுக்குக் குடிவந்த சுஜாதாவின் மகள் நவ்யா. இரண்டரை வயது. சுஜாதா பாகலூர்ப் பக்கத்துப் பெண், வீட்டில் தெலுங்கு. செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் வேலை. வீட்டுக்காரர் பெங்களூரில், வாரத்துக்கு ஒருமுறை வருவார். காலையில் ஆறு மணிக்குக் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள்.

நவ்யா சாப்பிட மாட்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். சுவரில் உங்கள் கார்கள். பொங்கல் முடிந்த மறுநாள் அந்தச் சிவப்புக் காரை இறக்கினேன். குழந்தை சாப்பிட வேண்டும் என்பதுதான் காரணம். ஆனால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், அண்ணா. இறக்கும்போது ‘இப்ப யாரு வந்து புடுங்கறாங்கன்னு பாக்கலாம்’ என்று ஒரு நினைப்பும் உள்ளே இருந்தது.

ரசம் சாதத்தைக் கார் மேல் கொட்டி மூடுவேன். “ஐயய்யோ, காரு சேத்துல மாட்டிக்கிச்சு! யாரு எடுப்பா?” என்பேன். அவள் ஒரு வாய் வாங்குவாள், சக்கரம் தெரியும். இன்னொரு வாய், விளக்கு தெரியும். கடைசி வாய்க்குக் கார் முழுசாக வெளியே வந்துவிடும். “ஜுய்ய்ய்” என்று கை தட்டுவாள். ஒரு நாளில் இரண்டு தரம். புளிசாதம், தக்காளி சாதம், ரசம். நாலு மாதம். எடை ஏறிவிட்டது என்று சுஜாதா எனக்கு ஒரு புடவை வாங்கிக் கொடுத்தாள்.

போன வாரம் ரஹீம் பாய் வந்தார். தட்டுகளைப் பார்த்துப் போகலாம் என்று கிருஷ்ணகிரி வழியாக பஸ் ஏறி வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னம்மா இது. சோறா போடற அதுல?”

“ஆமா பாய். இதுல போட்டாத்தான் வாயத் திறப்பா.”

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து தட்டை வாங்கினார். சாதத்தை ஓரமாக வழித்தார். சுவரில் இருந்த ஜோடியை எடுத்து இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். தினமும் பார்த்த கண்ணுக்குத் தேய்ந்தது தெரியவே இல்லை.

“அந்தக் காலத்துப் பெயிண்ட்ல காரீயம் கலப்பாங்கம்மா. பேட்டரிக்குள்ள இருக்குமே, அது. புளிப்பு பட்டா எறங்கும். இத மாட்டி வைக்கலாம், தொடச்சு வைக்கலாம். சோறு போடக் கூடாது. அண்ணன் சொல்லலியா?”

“சொல்ல வந்தாரு பாய்” என்றேன்.

குழந்தைகளுக்கு அது என்ன செய்யும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. வயிறு வலிக்கும், ரத்தம் குறையும், பேச்சு மூளையெல்லாம் மெதுவாகும் என்று சொல்லிவிட்டு, “எனக்கு என்னம்மா தெரியும், நான் டாக்டரா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ” என்றார். பேச்சு என்ற சொல்லுக்கு அப்புறம் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நவ்யாவுக்குப் பேச்சு குறைவு. வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், தெருவில் கன்னடம், மூன்றும் சேர்ந்து குழப்புகிறது என்று சுஜாதா சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

அன்றும் மறுநாளும் நான் சுஜாதாவிடம் சொல்லவில்லை. இரண்டு நாள், அண்ணா. தட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காக்காயைக் காட்டி “இது என்ன, சொல்லு, சொல்லு” என்று கேட்டேன். கேட்டுக் கேட்டு அவள் அழுதுவிட்டாள். அவள் தன் வயிற்றைத் தொட்டாலே எனக்கு உயிர் போயிற்று. தூங்கினால் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு மனசு. நாளைக்கு இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவள் அம்மாவுக்கு ஏன் என்றே தெரியாதே என்று ஒரு மனசு. ரஹீம் பாய் போன் செய்து “கூட்டிட்டுப் போனியாம்மா?” என்று கேட்டார். “போறேன் பாய்” என்று பொய் சொன்னேன். அந்தப் பொய் வாயிலிருந்து வந்ததும் எனக்கே என்னைப் பார்த்துப் பயமாகிவிட்டது.

மூன்றாம் நாள் நாலு மணிக்கு சுஜாதா பஸ் இறங்கி வந்ததும் தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்துச் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. “தட்டு பழசானா என்னாக்கா, வேற வாங்கிக்கலாம்” என்று சிரித்தாள். மறுபடியும் சொன்னேன். காரீயம் என்றேன். கம்பெனியில் ஈயத்தை உருக்கிக் கம்பி ஒட்டுகிற சால்டரிங் வேலை பார்க்கிறவள் அவள். அந்தச் சொல்லுக்கு முகம் மாறியது.

“எத்தினி நாளா?”

“பொங்கல்லேர்ந்து.”

“உனுக்கு எப்ப தெரியும்?”

“முந்தாநேத்து.”

அவள் என்னைத் திட்டவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, விரலை வாய்க்குள் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நாலு மாதத்தையும் இப்போது வெளியே எடுத்துவிடலாம் என்பது மாதிரி. குழந்தை ஓங்கரித்தது. “விடும்மா சுஜாதா, விடு” என்று கிட்டப் போனேன். “நீ தொடாத” என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு என்னையும் வரச் சொன்னாள். தட்டைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். குழந்தை டாக்டர் ஒரு பெண்பிள்ளை. என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். ரசம், புளி, தக்காளி என்று நான் சொல்லச் சொல்ல அவர் பேனா நின்றுவிட்டது. அந்தப் பேனா நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. ரத்தம் எடுக்கும்போது நவ்யா என்னைப் பார்த்துத்தான் கை நீட்டினாள். நான் நகரவில்லை. சுஜாதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு நாளாக அவள் லீவு போட்டுவிட்டுக் குழந்தையை அந்தப் பக்கம் வைத்திருக்கிறாள். நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். சாப்பாட்டு வேளைக்கு நவ்யா “ஜுய், ஜுய்” என்று கேட்டு அழுவது எனக்குக் கேட்கிறது. நான் இந்தப் பக்கம் அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடி போட்டும் எழுத்துத் தெரியவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

*

அண்ணா, நாளைக்கு என்று எழுதி ஐந்து வாரம் ஆகிவிட்டது. ரிப்போர்ட் வந்த அன்று எழுத முடியவில்லை.

“ரத்தத்துல காரீயம் கூடத்தான் இருக்கு” என்றார் டாக்டரம்மா. அப்புறம் சொன்னது பாதிதான் கேட்டது, மீதியைப் பிறகு ஒரு நாள் சுஜாதாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்கு இல்லையாம். தட்டை நிறுத்தினாலே மெதுவாக இறங்குமாம். ராகி, கீரை, பால் கொடுக்க வேண்டும், வயிறு காயக் கூடாது, மூன்று மாதத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

“பேச்சு வந்துருமாம்மா?” என்று கேட்டேன்.

“வரும்னு நம்பலாம். இன்னிக்கே உறுதியா சொல்ல முடியாதும்மா. நிறையப் பேச்சுக் குடுங்க. நான் கவனிச்சுக்கிட்டே இருக்கேன்.”

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் சுஜாதா குழந்தையை என் பக்கம் திரும்பவிடாமல் மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் இனி இந்தக் குழந்தையை என்னிடம் விட மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். விடக் கூடாது என்றும் நினைத்தேன். திங்கட்கிழமை ஆறு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். அவள்தான். இடுப்பில் நவ்யா, கையில் பை. பையில் ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர்.

“வேற ஆளு கெடைக்காம உன்கிட்ட வந்தேன்னு நெனைக்காத. ரெண்டு பேரு இருக்காங்க. அவங்க வீட்ல என்னா தப்பு நடந்தாலும் என்கிட்ட சொல்லுவாங்களான்னு எனுக்குத் தெரியாது. நீ சொன்ன. ரெண்டு நாள் கழிச்சு சொன்ன. அந்த ரெண்டு நாளு என் மனசுல இருக்குதுக்கா, அது எப்ப போவும்னு தெரியல.”

“போவ வேணாம்மா. இருக்கட்டும்” என்றேன். அவள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

அந்தத் தேய்ந்த தட்டை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உடைத்தால் தூள் பறக்குமோ என்று பயம். குப்பையில் போட்டால் யாராவது பொறுக்கி, கழுவி, அதில் சோறு போட்டுக்கொள்வார்களோ என்று பயம். கூரைக்குக் கீழே, ஆள் எட்டாத உயரத்தில் புது ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். மற்ற தட்டுகளின் முதுகில் ஒவ்வொரு சீட்டு ஒட்டினேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்துதான், பெரிசு பெரிசாக இருக்கும். ‘இதில் சாப்பிடக் கூடாது. வண்ணத்தில் காரீயம் இருக்கிறது. புளிப்பு பட்டால் சோற்றில் இறங்கும். குழந்தைகளுக்குக் கெடுதல்.’ காரீயத்தை எப்படி எழுதுவது என்று ரஹீம் பாயிடம் கேட்டுத்தான் எழுதினேன். அவருக்கு மனசு வரவில்லை.

“இப்படி ஒட்டி வெச்சா, நாளைக்கு விக்கப் போனா வாங்கறவங்க மூஞ்ச சுளிப்பாங்கம்மா. தட்டு செஞ்ச கம்பெனி முத்திரையெல்லாம் மறையுது பாரு.”

“சுளிக்கட்டும் பாய். ஏன்னு எழுதாம ஒரு தட்டும் இந்த வீட்ட விட்டுப் போவாது.”

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அன்றைக்கு நான் முகத்தைத் திருப்பினாலும் நீங்கள் கத்தியாவது சொல்லியிருக்கலாம். அதே அளவுக்கு என் மேலும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் யாரிடம் போவேன்? அதனால் நான் இப்போது எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிறேன். மருந்துக் கடையில் கேட்கிறேன், பால்காரனிடம் கேட்கிறேன். பின்னால் நிற்கிறவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

நவ்யா சொல்கிற புதுச் சொல்லையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வருகிறேன். தமிழோ தெலுங்கோ கன்னடமோ, எதுவானாலும் சரி. சாயங்காலம் சுஜாதா வந்ததும் முதலில் அந்தத் தாளைத்தான் பார்ப்பாள், எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். சில நாள் எழுத ஒன்றும் இருக்காது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

இன்று மதியம் ராகிக் கூழை முழுதும் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டி “இங்கா” என்றாள். தெலுங்கில் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். ஊற்றினேன். குடித்து முடிக்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எழுந்துபோய் எழுதி வைத்தேன். அது இருபத்திரண்டாவது சொல். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு ஐம்பத்தைந்து நாள் இருக்கிறது.

உங்கள்
பாப்பா